வடியாத சுவர்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்திலிருந்து கேட்டபோது, நல்லதாக நாலு புத்திமதி சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனாவை எடுத்ததும் எனக்கு உங்கள் மேல் பொறாமை வந்துவிட்டது. மட்டம் பார்க்க உங்களுக்குச் சிவப்பு வெளிச்சம் அடிக்கும் கருவி இருக்கிறது. எங்களுக்குத் தண்ணீர் நிரப்பிய ரப்பர் குழாய்தான் இருந்தது. வேலைத்தளத்தில் பெண்களுக்கென்று தனிக் கழிப்பறையும் கட்டிக் கொடுத்திருக்கிறார்களாம். அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் இப்படித்தான். மாத்தளையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்த காலம் முழுக்க இப்படித்தான் இருந்தேன். உக்குவளையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கும்போதே யாருக்கு நல்ல வேலை கிடைத்தது, யாரை மேலிடம் பாராட்டியது என்று காது தேட ஆரம்பித்துவிடும். புஷ்பா மிஸ்ஸுக்கு யார் நல்லா இருந்தாலும் பிடிக்காது என்று எனக்குப் பின்னால் சொல்வார்கள். அது முழுப் பொய்யில்லை. ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தைப் பற்றியே எழுதுகிறேன். ஊரறிந்த பொறாமைக்காரி ஒருத்தி, தான் பொறாமைப்படுகிற ஆளின் வேலையில் ஒரு பிழையைக் கண்டுவிட்டால் என்ன செய்வது? உங்களில் ஒருவருக்காவது இது நடக்கும்.

கால்வாய்க் கரை நடைபாதையில் நீங்கள் எல்லோரும் நடந்திருப்பீர்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்து சின்னப் பாலம் வரை போகும் முதல் கட்டம் நான் செய்தது. பாலத்துக்கு அப்பால், கால்வாய் சுது கங்கையில் விழும் இடம் வரை அதை நீட்டி, ஆற்றங்கரையையும் சேர்த்துச் செப்பனிட்டது இரண்டாம் கட்டம். அது ரிபாய் செய்தது. பார்த்தீர்களா, அவர் பேரை எழுதும்போது பேனா தாளில் கொஞ்சம் அழுந்திவிட்டது.

முதல் கட்டத்துக்கு முன்னால் அந்தக் கால்வாய் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஊரே அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. கடைகளின் பின்கதவு, வீடுகளின் அடுப்படி, எல்லாம் அந்தப் பக்கம். என்ன கொட்டவேண்டுமோ அதையெல்லாம் அதில்தான் கொட்டினார்கள். நான் அதைத் துப்புரவாக்கி, கரை கட்டி, நேராக ஒரு பாதை போட்டு, முனைக்கு முனை இரும்புக் கம்பி வேலி அடித்தேன். இன்றுவரை அங்கே ஒருவரும் தண்ணீரில் விழவில்லை, ஒரு கல்லும் பெயரவில்லை. ஊர் அதற்கு வைத்த பேர் கம்பி ரோடு. அங்கே யாரும் உட்காருவதில்லை, உட்கார ஒன்றும் இல்லாதபடியால். விறுவிறுவென்று நடந்து பாலத்தைத் தாண்டி, ரிபாயின் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

இரண்டாம் கட்டமும் எனக்குத்தான் வரும் என்று இருந்தேன். மூப்பும் எனக்கு, அனுபவமும் எனக்கு. எஞ்சினியர் சேர் ஒருநாள் கூப்பிட்டுக் கதிரையைக் காட்டினார். அவர் உட்காரச் சொன்னாலே கெட்ட செய்திதான். அந்தப் பக்கம் வீடுகள் நெருக்கம், சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று மூன்று இனத்து ஆட்களும் இருக்கிறார்கள், வீட்டுக்கு வீடு போய்ப் பேசித்தான் இடம் வாங்க வேண்டும், அதற்கு ரிபாய்தான் பொருத்தம் என்றார். எனக்குச் சரிபார்க்கும் பொறுப்பு. அதாவது, ரிபாய் கட்டுவதை நான் அவ்வப்போது போய்ப் பார்த்துச் சரி பிழை சொல்லிக் கையெழுத்திட வேண்டும். அழுகிற பிள்ளையின் கையில் டொபி வைத்த மாதிரி என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

ரிபாய் மாத்தளை டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். என்னைவிட இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எந்த வீட்டு வாசலில் நின்றாலும் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுப்பார்கள். முதல் கட்டத்தில் ஒரு கடைக்காரரின் கழிப்பறையை நகர்த்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கத்தி, கடிதம் எழுதி, கடைசியில் பொலிஸ் வரை போனேன். ரிபாய் அதே மாதிரி ஒரு கழிப்பறையை ஒரு கோப்பை பிளேன்டீயில் நகர்த்தினார். வீட்டுக்காரர் தானே ஆள் வைத்து இடித்துக் கொடுத்தார்.

இன்னொன்றும் சொல்கிறேன். திருவிழாவில் கரகம் பாலிக்க, அதாவது தண்ணீர்க்கரையில் கரகக் குடத்தை அலங்கரித்து எடுக்க, ஆற்றுப்பக்கம் வருகிறவர்கள் பரம்பரையாக என் முதல் கட்டத்தின் ஓரமாகத்தான் ஆற்றுக்கு இறங்கிப் போவார்கள். நான் அதைக் கம்பியால் அடைத்துவிட்டேன். கோவில்காரர்கள் வந்து ஒரு வழி விட்டுத் தாருங்கள் என்று கேட்டபோது, யாராவது வழுக்கி விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது நான் என்று சொல்லி அனுப்பினேன். ரிபாயிடம் யாரும் கேட்கவில்லை. அவராகவே தண்ணீர் வரைக்கும் அகலமாகப் படிகள் விட்டார், பக்கத்தில் பிடித்து இறங்க ஒரு கம்பியும் வைத்தார். எனக்கு எதிராக மனுப் போட்டவர்கள் அவருக்கு மாலை போட்டார்கள். ஆற்றோரம் நின்ற மருத மரங்களையும் அவர் வெட்டவில்லை. பாதையை வளைத்துக் கொண்டுபோய், நிழலில் உட்கார வாங்குகள் போட்டார். வளைந்த பாதைக்குக் கல் கூடுதலாகப் போகும் என்று குறிப்பு எழுதினேன். போனது. அந்தக் கூடுதல் கல்லைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

வேலை தொடங்கிய கிழமையில் கொத்து வேலைக்குத் தலைவரான மேசன் பாஸ் ஒரு பொம்மை செய்து மூங்கிலில் கட்டினார். வீடு கட்டும் இடங்களில் பார்த்திருப்பீர்கள், கண்ணூறு படாமல் இருக்கக் கட்டுவது. சிங்களத்தில் பம்பயா என்பார்கள். வைக்கோல் அடைத்த பழைய காற்சட்டை, தலைக்குக் கவிழ்த்த சட்டி, அதில் பல்லிளித்த முகம். நம் தமிழ்ப் பையன்கள் தங்கள் பங்குக்குப் பக்கத்தில் ஒரு பூசணிக்காயையும் தொங்கவிட்டார்கள். ரிபாய் இரண்டையும் இருக்க விட்டார். அது புஷ்பா மிஸ்ஸுக்காகக் கட்டியது என்று அலுவலகத்தில் என் காதுபடவே சிரித்தார்கள். பொம்மையும் நான் வரும் பாலத்துப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் நின்றது. அடுத்த தடவை போனபோது அது ஆற்றைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ரிபாய் திருப்பிக் கட்டச் சொன்னாராம். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கு இது தோன்றியிருக்காது. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

அந்தக் கரையின் மேல் வரிசையாக வீடுகள். கடைசி வீடு ஸரீனாவுடையது. புருஷன் வெளிநாட்டில், வீட்டில் இரண்டு பிள்ளைகளும் நடக்கமாட்டாத மாமியாரும். ஸரீனா இடியப்பம் அவித்து டவுன் கடைகளுக்குக் கொடுத்துக் குடும்பத்தைக் கொண்டுபோனாள். அவளுடைய அடுப்படி கரையின் விளிம்பிலேயே இருந்தது. கரை சரியாமல் இருக்க ரிபாய் கீழே ஒரு தாங்கு சுவர் எழுப்பினார். மலைப்பக்கம் பெய்கிற மழையெல்லாம் மண்ணுக்குள் ஊறிச் சுவரின் முதுகில் வந்து நிற்கும். அது வெளியேறச் சுவரில் வரிசையாகத் துளைகள் விடவேண்டும். வீப் ஹோல் என்று நாம் சொல்வது. சுவர் எழும்பியதும் நான் ஒவ்வொரு துளைக்குள்ளும் கம்பி விட்டுப் பார்த்தேன், ஒன்றாவது அடைத்திருக்காதா என்ற ஆசையில். எல்லாம் சுத்தமாக இருந்தன. வேறு வழியில்லாமல் கையெழுத்திட்டேன்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து அந்தச் சுவரில் படம் வரைந்தார்கள். ரிவர்ஸ்டன் மலையின் மூடுபனி, மிளகுக்கொடி, நடுவில் பெரிதாக ஒரு லக்கல யானை. திறப்பு விழா நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. துளைகளிலிருந்து செம்மண் தண்ணீர் வடிந்து யானையின் முகமெல்லாம் கோடாக இறங்கியது. பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுக்கும் சித்திர டீச்சர் ரிபாயிடம் வந்து கண் கலங்கினார். ரிபாய்க்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. படத்தில் தண்ணீர் விழாமல் பாருங்கள் என்று மேசன் பாஸிடம் சொல்லிவிட்டுப் பந்தல் வேலையைக் கவனிக்கப் போய்விட்டார். சின்னக் குழாய் வைத்து ஓரமாகத் திருப்பிவிடுவார்கள் என்று அவர் நினைப்பு. மேசன் பாஸ் சொன்னதைச் செய்தார். சீமெந்து குழைத்து எல்லாத் துளைகளையும் அடைத்து, மேலே பெயின்ட் அடித்துவிட்டார். யானை மறுபடி அழகாகிவிட்டது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அந்த நாட்களில் நான் அண்ணன் மகள் கல்யாணத்துக்காக லீவில் இருந்தேன்.

திறப்பு விழா அன்று காலை வேளைக்கே போனேன். கூட்டம் வருவதற்கு முன்னால் தனியாக நடந்து பார்த்து, மனதுக்குள் நாலு குறையாவது சேர்த்துக்கொண்டு பந்தலில் போய் உட்கார வேண்டும் என்பது என் திட்டம். கிழமை முழுக்கப் பெய்த மழை விடியும்போதுதான் விட்டிருந்தது. என் முதல் கட்டத்துக் கரைச் சுவரில் ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அது எனக்கே அசிங்கமாகத் தெரிந்தது. பாலத்தைத் தாண்டினேன். ரிபாயின் சுவர் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

முதலில் எனக்கு வந்த எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். மழைத்தண்ணீர் கூட இந்த மனிதனின் சொல் கேட்கிறதே என்று நினைத்தேன். இரண்டு எட்டு வைத்த பிறகுதான் சட்டென்று நின்றேன். ஒரே மலை, ஒரே மழை. என் சுவரில் கொட்டுகிற தண்ணீர் இங்கே எங்கே போனது? கிட்டப் போய்ப் பார்த்தேன். துளைகள் இருந்த இடமெல்லாம் மொழுகிப் பெயின்ட் அடித்திருந்தது. யானையின் முன்னங்காலுக்குக் குறுக்கே மயிர் கனத்தில் ஒரு வெடிப்பு. கன்னத்தைச் சுவரோடு வைத்து நீளவாக்கில் பார்த்தேன். நடுவில் லேசாக வயிறு தள்ளியிருந்தது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் கத்திக்கொண்டு ஓடவில்லை. எனக்கு என்மேலேயே நம்பிக்கை இல்லை. இந்தச் சுவர் விழவேண்டும் என்று எத்தனை தடவை நினைத்திருப்பேன். அப்படி நினைத்தவளின் கண்ணுக்கு வெடிப்பும் தெரியும், வயிறும் தெரியும். ஆகவே என் வயிற்றெரிச்சலை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கிழமை முழுக்க மழை. அடைத்த துளைகள். ஒரு வெடிப்பு. யார் பார்த்தாலும் இவ்வளவும் இருக்கும். அது போதும் என்று முடிவு செய்தேன்.

அடுத்த கேள்வி, முதலில் யாரிடம் போவது என்பது. பந்தல் அந்த முனையில், ரிபாயும் சேரும் அங்கே. ஸரீனாவின் வீடு தலைக்கு மேலே. நான் ஒழுங்கையால் ஏறி ஸரீனாவின் வீட்டுக்குப் போனேன். சுவரைப் பற்றி யாரிடம் பேசினாலும் பேச்சு முடிய நேரம் எடுக்கும், அந்த நேரம் முழுக்க அந்த அடுப்படியில் ஆட்கள் இருப்பார்கள். வேறெதை மறந்தாலும் இந்த வரிசையை மறக்காதீர்கள். ஆட்கள் முதலில், சுவர் பிறகு.

ஸரீனா அடுப்படியில் இடியப்பத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் மூலையில் பாயில் இருந்தார். தரையில் சாக்கு விரித்திருந்தது, சாக்கு நனைந்திருந்தது. மழை உள்ளே வந்ததா என்று கேட்டேன்.

"மழ வரல்ல மிஸ். நேத்திலேந்து தரையால தண்ணி ஊறிக்கிட்டே ஈக்கி. அள்ளி ஊத்தி எனக்கு ஏலாமப் போச்சி."

எனக்கு அதற்கு மேல் எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை. பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு உடனே முன்பக்கத்துக்கு வா, ரோட்டுக்குப் போகலாம் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு என்னைத் தெரியும். கம்பி ரோட்டு மிஸ். ரிபாய் நானாவின் வேலையில் நொட்டை பிடிக்க வருகிற மிஸ்.

"விழா நாளு மிஸ். கடைக்கு இடியப்பம் போவணும். ரிபாய் நானா கட்டின சுவரு, அதுக்கு என்ன வரப்போவுது?" என்றாள். பிறகு, "நானா சொன்னாவா?" என்று கேட்டாள். ஒரு கையில் தட்டு அப்படியே இருந்தது.

நான் சொன்னால் அவள் அசையமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விளக்கம் சொல்லத் தொடங்கினால் அவள் தலையாட்டிக்கொண்டே அடுத்த ஈடு வைப்பாள். அந்த ஊரில் கதவைத் திறக்கிற பேர் ஒன்றுதான் இருந்தது, அது என் பேர் இல்லை.

"ஆமா, அவர்தான் அனுப்பினாரு. உடனே எல்லாரையும் வெளிய கூட்டிக்கிட்டு வரச் சொன்னாரு," என்றேன்.

தட்டைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான். மாமியாரை நானும் அவளும் ஒரு கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு போய் ரோட்டோரம் வைத்தோம். பிள்ளைகள் பின்னால் வந்தார்கள். அவர் பேரைச் சொன்னபோது எனக்கு வாயெல்லாம் கசந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பந்தலுக்குப் போகும் வழியில் முதலில் அகப்பட்டவர் எஞ்சினியர் சேர். சுவரைப் பற்றிச் சொன்னேன். அவர் பாதி கேட்டுவிட்டுச் சிரித்தார். இன்றைக்கு ஒரு நாளாவது ரிபாயை விட்டுவிடுங்கள் புஷ்பா, நாளைக்குப் பார்ப்போம் என்றார். நான் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. வருகிறவர்களை வரவேற்க வெள்ளைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்த ரிபாயிடம் நேராகப் போனேன்.

"கெழமை முழுக்க மழை. என் சுவர்ல தண்ணி கொட்டுது. உங்க சுவர்ல ஒரு சொட்டு இல்ல. ஸரீனா அடுப்படில தரையால ஊறுது," என்றேன்.

அவசரம், ஆபத்து, நான் அப்போதே நினைத்தேன் என்ற வார்த்தைகளை எல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டேன். கண்டதை மட்டும் சொன்னேன். ரிபாய் என் முகத்தைப் பார்த்தார். அக்கா எதற்கு இதைச் சொல்கிறார், இன்றைக்கு ஏன் சொல்கிறார் என்று யோசிக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் யோசித்த மாதிரித் தெரியவில்லை. பந்தலுக்குக் குழி தோண்டிய அலவாங்கு ஒன்று தூணில் சாய்த்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினார். மேசன் பாஸைக் கூப்பிட்டுக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

ரிபாய் நேராக யானைக்கு முன்னால் போய் நின்றார். சுவர் வயிறு தள்ளிய இடமே அதுதான்.

"அங்க நிக்காதீங்க ரிபாய். ஓரத்துக்கு வாங்க. பக்கத்துல நின்னுக்கிட்டு ஒண்ணொண்ணா உடைங்க," என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அவர் மறுபேச்சில்லாமல் நான் சொன்னதைக் கேட்டது அப்போதுதான். கீழ்வரிசையின் கடைசித் துளையில் அலவாங்கைப் பாய்ச்சி நெம்பினார். சீமெந்துக் கட்டி தெறித்து விழ, அதன் பின்னாலேயே செந்தண்ணீர் பீலியில் கொட்டுகிற மாதிரி வளைந்து பாதையின் பாதி வரை போய் விழுந்தது. அடுத்தது, அதற்கு அடுத்தது. மேசன் பாஸ் சுத்தியலும் உளியுமாக மறுமுனையில் தொடங்கினார். மூடுபனி போனது, மிளகுக்கொடி போனது. சித்திர டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். விழாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் பந்தலை விட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். சேர்தான் அவர்களைக் கிட்ட வராமல் தள்ளி நிறுத்தினார். அதற்கு அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

பாதித் துளைகள் திறந்திருக்கும்போது மேலே ஒரு சத்தம் கேட்டது. ஸரீனாவின் அடுப்படியின் பின்மூலை, அடுப்பு இருந்த பக்கம், மண்ணோடு சேர்ந்து உட்கார்ந்தது. இடியப்பத் தட்டுகள் சுவரைத் தாண்டி விழுந்து பாதையில் உருண்டன. சுவர் நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் தண்ணீர் அடைபட்டிருந்தால் சுவரும் அடுப்படியும் சேர்ந்தே வந்திருக்கும் என்று பிறகு வந்து பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இனி நடந்ததைக் கேளுங்கள். பிரதம விருந்தினர் வந்து இறங்கினார். சேறு அப்பிய வெள்ளைச் சட்டையும் கையில் அலவாங்குமாக ரிபாய் நிற்கிறார். தான் கட்டிய சுவரை, தன் விழா அன்று, தன் கையாலேயே உடைத்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய உத்தியோகத்தர் என்று விருந்தினர் அங்கேயே அவரைக் கட்டிப்பிடித்தார். ரிபாய் உண்மையைத்தான் சொன்னார். துளைகளை அடைத்தது என் பேச்சால் வந்த பிழை, கண்டுபிடித்தது புஷ்பா மிஸ் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு பாராட்டை அடுத்தவருக்குக் கொடுக்கிற பெருந்தன்மையைப் பார்த்தீர்களா என்று பேசிக்கொண்டார்கள். பத்திரிகையில் வந்த படத்தில் அவர் முழுதாக இருக்கிறார். என் குடையின் பாதி இருக்கிறது.

ஸரீனாவை மட்டும் நான் எதுவும் சொல்லிக் குறைப்பட முடியாது. நானா நேரத்துக்கு ஆள் அனுப்பாவிட்டால் நாங்கள் மவுத்தாகியிருப்போம் என்று ஊரெல்லாம் சொன்னாள். அந்தப் பொய்யைச் சொன்னது நான். எப்படித் திருத்துவது? ரிபாய் அவளிடம் போய், நான் அனுப்பவில்லை, மிஸ் தானாகத்தான் வந்தார் என்று சொல்லியும் பார்த்தார். நானா எப்போதும் இப்படித்தான், செய்ததைச் சொல்லிக்காட்டமாட்டார் என்று சிரித்தாளாம். புது அடுப்படியைக் கரையிலிருந்து தள்ளி அலுவலகமே கட்டிக் கொடுத்தது. நோன்பு காலத்தில் அவள் வீட்டுக் கஞ்சி முதலில் போவது ரிபாய் வீட்டுக்குத்தான்.

சேர் ரிபாயைக் கூப்பிட்டுக் கண்டித்தார் என்று கேள்விப்பட்டுக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே வந்தார்கள். நான் ஒரு தடவை மேன்ஹோல் மூடி ஒன்றைப் போட மறந்து அதற்குப் பல வருஷம் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று தேநீர் விருந்து வைத்தார்கள். பேச வந்தவர்கள் எல்லாரும் என் கண்டிப்பைப் பற்றிப் பேசினார்கள், வேறு என்ன பேசுவார்கள். முடிந்ததும் ரிபாய் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒன்று சொல்லவேண்டும் அக்கா, கோபித்துக்கொள்ளக் கூடாது என்று ஆரம்பித்தார்.

"ரெண்டாம் கட்டத்துக்கு செக் பண்ண யார் வேணும்னு சேர் எங்கிட்ட கேட்டாரு. நாந்தான் உங்க பேரச் சொன்னேன்."

ஏன் என்று கேட்டேன். ஏதாவது மரியாதைக்கு ஒரு பதில் வரும் என்று நினைத்தேன்.

"என்னயப் புடிச்சவங்க யாரும் என் வேலைய ஒழுங்காப் பாக்க மாட்டாங்க அக்கா. தேத்தண்ணி குடிச்சிட்டு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாங்க. பாஸ் கண்ணு படக் கூடாதுன்னு பொம்ம கட்டினாரு. எனக்கு உங்க கண்ணு வேணும்னு நான் கேட்டு வாங்கினேன்."

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தேன். என்னைப் புகழ்ந்தாரா, அவமானப்படுத்தினாரா என்று உக்குவளை வரும்வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது வேறொன்று உறைத்தது. என் முதல் கட்டத்தைச் சரிபார்த்தவர்கள் எல்லாரும் எனக்குப் பயந்தவர்கள். உட்கார ஒரு வாங்கு கூட இல்லையே மிஸ், கரகக்காரர் எந்த வழியால் இறங்குவார்கள் மிஸ் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. என் வேலையைப் பார்த்து வயிறெரிகிற ஒரு ஆளை நானும் கேட்டு வாங்கியிருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை, ரிபாய்க்கு வந்தது. அவரிடம் நான் பொறாமைப்பட்ட விஷயங்களிலேயே பெரியது இதுதான், அதுவும் கடைசி நாளில் வந்து சேர்ந்தது.

ஆகவே பிள்ளைகளே, உங்களைப் பிடிக்காத ஒருவர் உங்கள் வேலையில் குறை சொன்னால், அவர் ஏன் சொல்கிறார் என்று ஆராய்வதைப் பின்னேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் போய்ச் சுவரைப் பாருங்கள். நீங்களே அந்தப் பிடிக்காத ஆளாக இருந்தால், கண்டதை மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை வீட்டில் போய்ப் புலம்புங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

போன கிழமை ஒருநாள் நல்ல மழை. மறுநாள் காலையில் பஸ் ஏறி மாத்தளைக்குப் போனேன், ரிபாயின் பக்கம் நடக்க. டீச்சரும் பிள்ளைகளும் அந்தச் சுவரை எப்போதோ திரும்ப வரைந்துவிட்டார்கள். இந்தத் தடவை யானையின் தும்பிக்கை நுனி சரியாக ஒரு துளையில் முடிகிறது. மழை பெய்தால் யானை தண்ணீர் பீச்சுகிறது. பார்க்கச் சின்னப் பிள்ளைகள் கூட்டமாக நிற்கிறார்கள். அந்த யோசனையும் ரிபாயுடையதாம். மருத மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, எழுந்து ஒவ்வொரு துளையாகப் பார்த்துக்கொண்டு போனேன். எல்லாம் ஒழுங்காக வடிந்தன. கடைசிக்கு முந்தினதில் ஒரு சொட்டும் இல்லை. குடைக் கம்பியை விட்டுக் குடைந்தேன். ஒரு டொபி உறை வந்தது, அதன் பின்னால் தண்ணீரும் வந்தது.

அங்கேயே நின்று ரிபாய்க்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.